புதுப்பிப்பு: கையடக்க ஆசிலோஸ்கோப் வாங்கியாயிற்று

பொழுதுபோக்கு மின்னணு வேலைக்குக் குறைந்த விலையில் எந்தக் கையடக்க டிஜிட்டல் ஆசிலோஸ்கோப் (மின் சிக்னலின் வடிவத்தைத் திரையில் காட்டும் கருவி) பொருந்தும் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி.

முதலில் நினைத்தது டிஎஸ்ஓ138 கிட். அதன் அலைப்பட்டை, அதாவது ஓரளவு சரியாகக் காட்டக்கூடிய உச்ச அதிர்வெண், 200 கிலோஹெர்ட்ஸ். ஆடியோ சுற்றுகளுக்குத் தாராளம். என் தேவையோ 400 கிலோஹெர்ட்ஸில் ஓடும் ஐ2சி (சிப்புகள் தகவல் பரிமாறும் இருகம்பி இணைப்பு). "இரண்டு சேனலும் இயங்கும்போது மாதிரி வேகம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள்" என்ற யோசனைதான் முடிவெடுக்க உதவியது. மாதிரி வேகம் என்பது கருவி நொடிக்கு எத்தனை முறை சிக்னலை அளக்கிறது என்பது; பல மலிவுக் கருவிகளில் இரண்டு சேனலும் இயங்கும்போது அது பாதியாகிவிடும். பெட்டியின் மேல் பெரிய எண்தான் இருக்கும்! 10 மெகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையுள்ள இரட்டைச் சேனல் கருவியை எடுத்தேன்.

ஐ2சியில் இணைத்திருந்த, அவ்வப்போது பதில் தராமல் நின்ற சென்சாரின் கோளாறு உடனே தெரிந்தது. சிக்னல் செங்குத்தாக ஏறாமல் சுறாத் துடுப்புபோல் வளைந்து ஏறியது. 10 கிலோஓம் புல்-அப் மின்தடையை (லைனை மேல் மின்னழுத்தத்துக்கு இழுக்கும் மின்தடை) 2.2 கிலோஓமாக மாற்றியதும் சரியாயிற்று.

எதிர்பாராத ஒன்று: புரோபை (அளக்கும் முனையை) 1எக்ஸ் நிலையில், அதாவது சிக்னலைக் குறைக்காமல் அனுப்பும் நிலையில், வைத்துத் தொட்டால் தகவல் தொடர்பே நின்றுவிட்டது. அந்த நிலையில் புரோபின் கொண்மம் (மின்னேற்றத்தைத் தேக்கும் திறன்) 100 பிக்கோஃபாரட் அளவுக்கு ஏறி லைனை இழுத்துப்பிடிக்கிறது. சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் 10எக்ஸ் நிலையில் அந்தத் தொல்லை இல்லை. அளவீட்டுக்கு முன் சதுர அலையில் ஈடுசெய் திருகைச் சரிசெய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, கணினியில் சார்ஜ் ஏற்றிக்கொண்டே அளக்காதீர்கள். யுஎஸ்பி வழியாக புரோபின் தரைக்கிளிப் கணினியின் எர்த்துடன் இணைந்து, கிளிப் மாட்டிய இடம் ஷார்ட் ஆகிவிடலாம். பேட்டரியில் மட்டும் இயக்குங்கள்.