பழ ஈ கோர்ட்ஷிப்: ஃப்ரூட்லெஸ் மட்டும் போதுமா? கன்ட்ரோல் ஆண்கள் ஏன் அசைவதில்லை?

கேள்வி: குப்பியும்_பஞ்சும்

வணக்கம். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்குப் பழ ஈயின் கோர்ட்ஷிப்பை (பெண்ணைக் கவர ஆண் செய்யும் நடத்தையை) எடுத்திருக்கிறேன். இரண்டு இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

ஃப்ரூட்லெஸ் மரபணுதான் ஆண் நடத்தையின் மாஸ்டர் சுவிட்ச் என்று பாடத்தில் இருக்கிறது. ஆனால் எந்த ஆய்வுக் கட்டுரையைத் திறந்தாலும் டபுள்செக்ஸ் என்ற மரபணுவும் கூடவே வருகிறது. ஃப்ரூட்லெஸே போதுமென்றால் டபுள்செக்ஸுக்கு என்ன வேலை?

அடுத்தது சோதனை. ஆர்71ஜி09-கேல்4 ஈயை (எந்த நியூரான் என்று தேர்ந்தெடுக்கும் லைன்) யூஏஎஸ்-ட்ரிப்ஏ1 ஈயோடு (சூட்டில் நியூரானைத் தூண்டும் சேனல் உள்ள லைன்) கிராஸ் போட்டு, கோர்ட்ஷிப்பைத் தொடங்கிவைக்கும் பி1 நியூரான்களை 29 டிகிரியில் தூண்டுகிறேன். அந்த ஆண்கள் சேம்பரில் தனியாக இருக்கும்போதே இறக்கையை நீட்டுகின்றன. ஆனால் கன்ட்ரோலாக வைத்திருக்கும் டபிள்யூ1118 (வெள்ளைக் கண் லைன்) ஆண்கள் வர்ஜின் பெண்ணோடு விட்டாலும் கண்டுகொள்வதில்லை. 10 நிமிடத்தில் கோர்ட்ஷிப் இண்டெக்ஸ் (கோர்ட்ஷிப்பில் செலவான நேரத்தின் பங்கு) 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. கார்பன் டை ஆக்சைடில் மயக்கித்தான் சேம்பரில் போடுகிறேன். நேரம் பெரும்பாலும் பிற்பகல். எங்கே கோளாறு?

பதில் 1: நரம்புமுடிச்சு

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

ஃப்ரூட்லெஸ் போதும் என்ற கருத்து 2005-இல் டெமிரும் டிக்சனும் வெளியிட்ட சோதனையிலிருந்து பரவியது. பெண் ஈயில் ஃப்ரூட்லெஸ் ஆண் முறையில் ஸ்ப்ளைஸ் ஆகும்படி (ஆர்என்ஏ வெட்டி ஒட்டப்படும்படி) குரோமோசோமிலேயே மாற்றினார்கள். அந்தப் பெண்கள் மற்ற பெண்களைத் துரத்தி, முன்காலால் தட்டி, இறக்கை நீட்டின. பெண் முறை ஸ்ப்ளைசிங் கொண்ட ஆண்களோ பெண்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சோதனையில் குறையே இல்லை. ஆனால் அந்தப் பெண்களின் கோர்ட்ஷிப் ஆணுடையதைவிடக் குறைவு, பாட்டும் சரியாக வரவில்லை. அந்த இடைவெளியில்தான் டபுள்செக்ஸ் இருக்கிறது.

வரிசையைப் பாருங்கள். பெண்ணில் செக்ஸ்-லீத்தல் புரதம் வேலை செய்வதால் ட்ரான்ஸ்ஃபார்மர் புரதம் உண்டாகிறது. அது ட்ரான்ஸ்ஃபார்மர்-2 உடன் சேர்ந்து இரண்டு மரபணுக்களின் ஆர்என்ஏவில் உட்கார்ந்து ஸ்ப்ளைசிங்கைத் திருப்புகிறது. ஃப்ரூட்லெஸின் பி1 புரோமோட்டரிலிருந்து (மரபணு படிக்கப்படத் தொடங்கும் இடம்; பி1 நியூரான் வேறு) வரும் ஆர்என்ஏவில் நிறுத்தக் கோடான் முன்னதாகவே நுழைந்துவிடும், எனவே பெண்ணில் ஃப்ரூ-எம் (ஆண் வகை ஃப்ரூட்லெஸ்) புரதமே கிடையாது. டபுள்செக்ஸ் அப்படியல்ல. ஆணில் டிஎஸ்எக்ஸ்-எம், பெண்ணில் டிஎஸ்எக்ஸ்-எஃப் என்று இரு பாலிலும் ஆளுக்கொரு புரதம், இரண்டும் வேலை செய்யும் புரதங்கள்தான்.

இனி பி1 நியூரான்கள். ஆணின் மூளையில் பக்கத்துக்குச் சுமார் 20 செல்கள். இந்தக் கொத்து பெண்ணில் இல்லை, காரணம் வளர்ச்சியின்போதே டிஎஸ்எக்ஸ்-எஃப் அவற்றைச் சாகடித்துவிடுகிறது. 2008-இல் கிமுராவின் குழு காட்டியது இதைத்தான். செல்கள் பிழைக்க டிஎஸ்எக்ஸ்-எஃப் இல்லாமல் இருக்க வேண்டும், பிழைத்த செல்லின் கிளை நுனிகள் சரியான இடத்தில் போய் நிற்க ஃப்ரூ-எம் வேண்டும். ஒரே செல்லில் இரண்டு மரபணுவுக்கும் தனித்தனி வேலை. மூளையிலும் மார்பு நரம்புத் திரளிலும் ஃப்ரூ-எம் இருக்கும் நியூரான்கள் 2,000 அளவில் இருக்கும், மொத்தத்தில் ஏறக்குறைய 2 சதவீதம்.

இன்னொரு சோதனையும் உங்களுக்கு நேரடியாக உதவும். ஃப்ரூ-எம் இல்லாத ஆணைப் பியூப்பாவிலிருந்து தனியாக வளர்த்தால் கோர்ட்ஷிப் செய்யாது. மற்ற ஈக்களோடு கூட்டமாகச் சில நாள் வைத்தால் செய்யத் தொடங்குகிறது, அதற்கு டபுள்செக்ஸ் வேண்டும். 2014-இல் பானும் பேக்கரும் இதை வெளியிட்டார்கள். எனவே ஃப்ரூட்லெஸ் மியூட்டன்ட் வைத்து வேலை செய்தால் ஆண்களைத் தனிக்குப்பியில் வளர்த்தீர்களா, கூட்டமாகவா என்று எழுதியே ஆக வேண்டும். அது இல்லாத எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

மியூட்டன்ட் தேர்வில் ஒரு பொறி இருக்கிறது. ஃப்ரூட்லெஸுக்கு நான்கு புரோமோட்டர்கள். கீழ்ப்பக்கப் புரோமோட்டர்களின் புரதம் உயிர்வாழவே தேவை. மரபணு முழுவதையும் நீக்கினால் ஈ பியூப்பாவிலேயே செத்துப்போகும். பி1 புரோமோட்டரை மட்டும் பாதிக்கும் அல்லீல்களை (மரபணுவின் மாற்று வடிவங்களை) சேர்த்து, உதாரணமாக ஃப்ரூ-லெக்ஸ்ஏவையும் ஃப்ரூ4-40-ஐயும் எதிரெதிர் குரோமோசோமில் வைத்துப் பயன்படுத்துங்கள்.

பதில் 2: ஈப்பண்ணை

சோதனைப் பக்கம் நான் சொல்றேன். உங்க எண் குறையறதுக்கு மூணு காரணம் கேள்வியிலேயே இருக்கு.

முதல்ல கண். டபிள்யூ1118-க்குக் கண்ணில் நிறமி கிடையாது, உருவத்தைத் தெளிவா பிரிச்சுப் பார்க்காது. ஆண் ஈ பெண்ணைப் பின்தொடர்றது பெரும்பாலும் பார்வையை வச்சுத்தான், பார்வைப் பகுதியில உள்ள எல்சி10 நியூரான்கள் அந்த வேலைக்குன்னே இருக்கு. வெள்ளைக் கண் ஆண் பெண்ணைத் தொலைச்சுட்டு நின்னுடும். தூண்டின ஈக்களுக்கு மினி-ஒயிட் (கண் நிற மரபணு) இருக்கறதால கண் ஆரஞ்சு. அப்போ நீங்க ஒப்பிடறது பி1 தூண்டலை இல்ல, கண்ணை. கேல்4 மட்டும் உள்ள ஆண், யூஏஎஸ் மட்டும் உள்ள ஆண், ரெண்டையும் தனித்தனியா கன்ட்ரோலா வைங்க. ரெண்டையும் டபிள்யூ1118-ஓட கிராஸ் போட்டு வர்ற மகன்கள்தான் சரியான ஆள். அதுங்க கண் நிறத்தையும் குறிச்சு வைங்க. நிறம் இன்னும் ஒத்துப்போகலன்னா, எல்லா லைனையும் ஒயிட்-பிளஸ் (சிவப்புக் கண் தர்ற) எக்ஸ் குரோமோசோமுக்கு மாத்திடறது நல்லது.

அடுத்தது கார்பன் டை ஆக்சைடு. மயக்கம் தெளிஞ்ச மாதிரி நடக்கும், ஆனா கோர்ட்ஷிப் பல மணி நேரம் படுத்துடும். சோதனைக்குக் குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடியே கேஸ் வேலையை முடிச்சுடுங்க. சேம்பருக்கு மாத்தறது ஆஸ்பிரேட்டர்லதான். ரப்பர் குழாய், நுனியில 1 மி.லி. பிப்பெட் டிப், நடுவுல வாய்க்கு ஈ வராம மெல்லிய வலைத்துணி. உறிஞ்சும்போது ஈ டிப்போட நுனியிலேயே நிக்கணும், உள்ள இழுத்துட்டா சுவரில் மோதி இறக்கை மடங்கிடும். இறக்கை மடங்கின ஈயை அன்னைக்குக் கணக்குல சேர்க்காதீங்க.

நேரம். 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டுன்னு வளர்த்தா, விளக்கு எரிஞ்ச முதல் 3 மணி நேரத்துல சோதனையை முடிங்க. நடுப்பகலும் பிற்பகலும் ஈக்கு ஓய்வு நேரம். எல்லா ஜீனோடைப்பையும் (மரபணு வகையையும்) ஒரே நாளில் கலந்து ஓட்டுங்க. காலையில கன்ட்ரோல், அப்புறம் தூண்டல்னு பிரிக்காதீங்க.

வர்ஜின் விஷயம் நீங்க சொல்லல. 25 டிகிரியில 8 மணி நேரத்துக்குள்ள வெளிவந்த பெண்ணை எடுக்கணும். வயிற்றுக்குள்ள கருப்புப் புள்ளி மாதிரி மெகோனியம் (புதுசா வந்த ஈயோட முதல் கழிவு) தெரிஞ்சா நிச்சயம். ஏற்கனவே ஆணோட சேர்ந்த பெண்ணை எடுத்துட்டா எல்லாம் கெட்டுது. ஆணோட செக்ஸ் பெப்டைடு அவளை ஒரு வாரம் வரை மறுக்க வைக்கும், உடம்புல ஆணிடமிருந்து ஒட்டின சிவிஏங்கற ஃபெரோமோன் வாடையும் ஆணைத் தள்ளிவிடும். எடுத்த பெண்களைத் தனிக்குப்பியில 3 நாள் வச்சுப் பாருங்க. உணவுல புழு நெளிஞ்சா அந்தக் குப்பியையே தூக்கிப் போடுங்க.

ஆண்: வெளிவந்த அன்னைக்கே குப்பிக்கு ஒண்ணா பிரிச்சு, 4-லிருந்து 7 நாள் வயசுல ஓட்டுங்க. சேம்பர் 10 மி.மீ. விட்டம், 3 மி.மீ. உயரம். உயரம் அதிகமானா ஈ மூடியில நடந்து திரும்ப வராது. ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே போச்சுன்னா இன்னும் மோசம். 29 டிகிரி இன்குபேட்டர்ல காத்து காஞ்சுடும், உள்ள ஒரு தட்டுல தண்ணி வைங்க.

மீண்டும் கேள்வி: குப்பியும்_பஞ்சும்

இருவருக்கும் நன்றி. இரண்டு சின்ன சந்தேகம். இண்டெக்ஸில் எதெல்லாம் சேரும்? ட்ரிப்ஏ1 ஆண்களை நான்கைந்து ஒன்றாக விட்டால் ஒன்றன் பின் ஒன்றாகச் சங்கிலி போட்டுத் துரத்துகின்றன. அது பி1-இன் விளைவு என்று எழுதலாமா?

பதில் 3: ஈப்பண்ணை

பெண்ணைப் பார்த்துத் திரும்பி நிக்கறது, தட்டறது, துரத்தறது, ஒத்தை இறக்கை நீட்டறது, நக்கறது, வயிற்றை மடிச்சுச் சேர முயல்றது. இதுல செலவான நொடியை மொத்த நொடியால வகுங்க. நடுவுல கலவி நடந்தா கடிகாரத்தை அங்கேயே நிறுத்துங்க, கலவி 20 நிமிடம் ஓடும், அதைச் சேர்த்தா எண் பொய்யாகும். தொடங்க எவ்வளவு நேரம் ஆச்சுங்கறதைத் தனி எண்ணா எழுதுங்க. நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும் போன் கேமரா இறக்கை நீட்டலுக்குப் போதும். பாட்டை அதுல பிடிக்க முடியாது, துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி 35 மில்லிசெகண்ட்தான், அதுக்கு மைக் வேணும்.

ஜீனோடைப்புக்கு 30 ஆணாவது வேணும். பரவல் சமச்சீரா இருக்காது, பூஜ்யத்துல ஒரு கும்பல் நிக்கும். டி-டெஸ்ட் போடாதீங்க, மான்-விட்னி போடுங்க.

பதில் 4: நரம்புமுடிச்சு

சங்கிலியை அப்படியே பி1 கணக்கில் எழுதிவிடாதீர்கள். 1995-இல் ஜாங்கும் ஓடன்வால்டும், வெப்ப அதிர்ச்சிப் புரோமோட்டரால் மினி-ஒயிட்டை உடலெங்கும் வெளிப்படுத்தியபோது ஆண்கள் ஆண்களையே துரத்தியதைக் காட்டினார்கள். பி1 ஒருபுறம் இருக்க, கண் மரபணுவும் வெப்பமும் சேர்ந்தே சங்கிலி போட வைக்கலாம். யூஏஎஸ் மட்டும் உள்ள ஆண்களைக் கூட்டமாக 29 டிகிரியில் வையுங்கள். அவையும் சங்கிலி போட்டால் உங்கள் விளக்கம் நிற்காது.

இன்னொன்று, ஆர்71ஜி09 பி1-ஐத் தவிர வேறு நியூரான்களையும் பிடிக்கும். ஆர்15ஏ01-ஐச் சேர்த்த ஸ்ப்ளிட்-கேல்4 (இரண்டு லைனும் பொதுவாகப் பிடிக்கும் செல்லில் மட்டும் வேலை செய்வது) கிடைத்தால் அதற்கு மாறுங்கள்.

வெப்பம் ஈயின் நடையையே வேகப்படுத்திவிடுவதால், முடிந்தால் சிஎஸ்கிரிம்சனும் (சிவப்பு ஒளியில் நியூரானைத் தூண்டும் சேனல்) சிவப்பு விளக்கும் நல்லது. அந்தச் சேனல் வேலை செய்ய ரெட்டினல் வேண்டும்: 40 மில்லிமோலார் ரெட்டினலை எத்தனாலில் கரைத்து, 100 மி.லி. உணவுக்கு 1 மி.லி., உணவு கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் கலக்குங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் சிதைந்துவிடும். குப்பியை அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வையுங்கள். கன்ட்ரோல் அதே ஜீனோடைப், அதே அளவு எத்தனால், ரெட்டினல் இல்லை.

விளக்கை அணைத்த பிறகும் குறைந்தது 5 நிமிடம் படம் எடுங்கள். பி1 தூண்டல் நின்றபின்னும் ஈயின் நிலை சில நிமிடம் தொடரும். விளக்கு எரியும்போது இறக்கை நீட்டும் அதே ஆண்கள், அணைந்ததும் ஒன்றையொன்று முட்டிச் சண்டை போடுவதும் உண்டு. அந்தச் சண்டைத் துரத்தலையும் கோர்ட்ஷிப் துரத்தலையும் பிரிக்க ஒத்தை இறக்கை நீட்டலைத் தேடுங்கள். சண்டையில் இரண்டு இறக்கையும் சேர்ந்து உயரும்.