பையனுக்கு பென்சில் பிடிக்க வரலை, டீச்சர் ஓ.டி. பார்க்கச் சொல்றாங்க (டர்பன், தென்னாப்பிரிக்கா)

ஃபீனிக்ஸ் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு அஞ்சரை வயசு ஆகப்போகுது. ஜனவரில கிரேடு ஆர் (ஒண்ணாம் வகுப்புக்கு முந்தின வருஷம்) சேர்த்தோம். போன வாரம் டீச்சர் கூப்பிட்டு, ஆக்குப்பேஷனல் தெரபிஸ்ட்கிட்ட (ஓ.டி., அன்றாட வேலைகளைத் தானா செய்யப் பயிற்சி தர்றவங்க) காட்டச் சொல்லி கடிதம் கொடுத்தாங்க. கிரேயானை முஷ்டியா மடக்கித்தான் பிடிக்கிறான். கத்தரிக்கோல் கொடுத்தா பேப்பர் மடங்குதே தவிர வெட்டுப்படலை. சட்டை பட்டனுக்கு நான் வேணும். பேச்சு, எண்ணிக்கை, ஞாபகம் எல்லாம் நல்லாவே இருக்கு. மாமியார் "இவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான், தானா வரும்"ங்கறாங்க. தினமும் சாயங்காலம் உட்கார வெச்சு எழுத வைக்கிறேன், அழுகைதான் மிச்சம். மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இல்லை. என்ன பண்ணலாம்?

லெனேசியா அப்பா:
தங்கச்சி, பையன் இடது கைக்காரனான்னு ஒரு தடவை பாருங்க. எங்க பொண்ணு இடது கை. சாதாரண கத்தரிக்கோலால அவளுக்கு வெட்டவே வரலை. இடது கைக்குன்னே தனியா கத்தரிக்கோல் இருக்கு, அதை வாங்கினப்புறம் பேப்பர் வெட்டுப்பட்டுச்சு.

சாட்ஸ்வொர்த் ஓ.டி.:
அண்ணன் சொன்னது சரி. சோறு சாப்பிடறதும் கோயில்ல விபூதி வாங்கறதும் வலது கையா இருக்கட்டும். ஆனா கிரேயானை அவனா எந்தக் கையில எடுக்கிறானோ அந்தக் கையை மாத்தாதீங்க.

நான் ரொம்ப வருஷமா சின்னப் பிள்ளைகளைத்தான் பார்க்கிறேன். தங்கச்சி, அந்தச் சாயங்கால எழுத்தை இன்னிக்கே நிறுத்துங்க. அழுதுக்கிட்டே எழுதுற பிள்ளைக்கு பென்சில் மேலேயே வெறுப்பு வந்துடும். ஆனா "தானா வரும்"னு சும்மாவும் இருக்க வேண்டாம். பொதுவா மூணு வயசு வாக்கில வட்டம், நாலுல கூட்டல் குறி, அஞ்சை ஒட்டி சதுரம் பார்த்து வரைவாங்க. மூணு விரலால பிடிச்சாலும் நாலு விரலால பிடிச்சாலும் தப்பில்லை. ஆனா இந்த வயசுல முஷ்டிப் பிடின்னா பார்த்துடறது நல்லது. டீச்சர் சரியாத்தான் சொல்லியிருக்காங்க.

இனி அவன் வரையும்போது விரலை விட்டுட்டு உடம்பைப் பாருங்க. மேசை மேல சாயறானா? தோள் காதுகிட்ட ஏறுதா? முழுக் கையும் சேர்ந்து நகருதா? தோளும் முதுகும் உறுதியா நிக்கலைன்னா விரல் தனியா வேலை செய்யறது கஷ்டம். அதனால முதல்ல பார்க்ல கம்பியில தொங்கட்டும், ஏறட்டும். நீங்க காலைப் பிடிச்சுக்க, அவன் கையால நடக்கட்டும். பேப்பரை மேசையில வைக்காம, அவன் கண் உயரத்துக்குச் சுவத்துல ஒட்டுங்க. மணிக்கட்டு தானா பின்னால வளையும், கட்டைவிரல் விரியும். கிரேயானை உங்க கட்டைவிரல் நுனிக் கணு நீளத்துக்கு, ஒரு அங்குலம் வாக்கில, ஒடிச்சுக் கொடுங்க. அந்தத் துண்டை முஷ்டியால பிடிக்கறது கஷ்டம், விரல் நுனிதான் வேலை செய்யணும். வாசல்ல கோலம் போடுவீங்கன்னா மாவை அவன் கிட்ட கொடுங்க. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் உரசி மாவை விடற அந்த அசைவுதான் அவனுக்கு வேணும். புள்ளி வெச்சா போதும்.

கத்தரிக்கோலுக்கு மெல்லிசு பேப்பர் வேண்டாம், அது மடங்கத்தான் செய்யும். ரொட்டி மாவைப் பாம்பு மாதிரி உருட்டி வெட்டட்டும். அப்புறம் ஸ்ட்ரா, அப்புறம் சீரியல் டப்பா அட்டை. கட்டைவிரல் மேல் பக்கம், முழங்கை இடுப்போட ஒட்டி.

பட்டனைக் கடைசிப் படியிலிருந்து ஆரம்பிங்க. நீங்க பாதி நுழைச்சுடுங்க, அவன் இழுத்து முடிக்கட்டும். அது வந்ததும் கொஞ்சம் குறைவா நுழைங்க. ஒவ்வொரு தடவையும் "நான் போட்டுட்டேன்"னு அவனே முடிக்கிறான் பாருங்க, அதுதான் முக்கியம். பெரிய பட்டன் வெச்ச கோட்டை மடியில வெச்சுப் பழகினா இன்னும் சுலபம்.

காசு விஷயம்: மெடிக்கல் எய்ட் இல்லாத ஆறு வயசுக்குக் கீழ் பிள்ளைகளுக்கு 1994லிருந்து அரசாங்கத்துல வைத்தியம் இலவசம். அதனால தள்ளிப்போடாதீங்க. ரோட் டு ஹெல்த் புத்தகத்தையும் (பிள்ளையோட தடுப்பூசி, வளர்ச்சி எல்லாம் குறிக்கிற கிளினிக் புத்தகம்) டீச்சர் கடிதத்தையும் எடுத்துக்கிட்டு பக்கத்து கிளினிக்குக்குப் போய், ஆஸ்பத்திரி ஓ.டி. பிரிவுக்கு எழுதித் தரச் சொல்லுங்க. கண்ணையும் ஒரு தடவை பார்த்துடுங்க. பின்னாடி தனியார்கிட்ட போறதா இருந்தா, அவங்க பேர் ஹெச்.பி.சி.எஸ்.ஏ. (மருத்துவத் தொழில்காரங்களைப் பதிவு பண்ற இங்கத்த கவுன்சில்) பதிவேட்டுல இருக்கான்னு இணையத்துல தேடிப் பாருங்க.

ஒண்ணு மட்டும் அவசரம்: முன்னாடி செஞ்சதை இப்ப செய்ய முடியலைன்னாலோ, ஒரு கை மட்டும் பலமில்லாம இருந்தாலோ, ஓ.டி. வரைக்கும் காத்திருக்காம டாக்டரைப் பாருங்க.

ஃபீனிக்ஸ் அம்மா:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. அந்த அவசர அறிகுறி எதுவும் இல்லை. ஆனா நீங்க சொன்ன மாதிரியே மேசை மேல தலையைச் சாய்ச்சுத்தான் வரையறான். டேப்லெட்ல விரலால எழுத்து இழுக்கிற ஆப் ஒண்ணு இருக்கு, அதுல அவனைப் பழக விடலாமா?

சாட்ஸ்வொர்த் ஓ.டி.:
எழுத்தோட வடிவம் தெரிஞ்சுக்க கொஞ்ச நேரம் பரவாயில்லை மா. ஆனா கண்ணாடி மேல ஒரு விரலை இழுக்கறதால பிடியும் வராது, அழுத்தமும் வராது. அந்த நேரத்துக்கு பட்டாணி உரிக்கச் சொல்லுங்க. கிளினிக்ல தேதி கொடுத்ததும் இங்க எழுதுங்க, முதல் நாள் என்னென்ன கேப்பாங்கன்னு சொல்றேன்.