நிறையா, திணிவா? நாளை மாலைக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

என் இணைய வகுப்பில் பாதிப் பிள்ளைகள் மதுரை, பாதி யாழ்ப்பாணம். நேற்றைய கணக்கு: "2 கிலோகிராம் நிறையுள்ள இரும்பை 25-இலிருந்து 75 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும்?" ஒரு கிராம் இரும்பு ஒரு டிகிரி ஏற 0.45 ஜூல் என்றும் கொடுத்திருந்தேன். மதுரைக்காரர்கள் 45,000 ஜூல் என்று போட்டுவிட்டார்கள். யாழ்ப்பாணத்து மாணவி ஒருத்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "நிறைக்கு அலகு நியூட்டன்தானே சேர், கேள்வி பிழையோ?"

அவள் கேட்டது சரி. அங்கே நிறை என்றால் நம்முடைய எடை, அதாவது புவி ஒரு பொருளை இழுக்கும் விசை; நம் நிறைக்கு, அதாவது பொருளில் எவ்வளவு பருப்பொருள் இருக்கிறது என்பதற்கு, அங்கே திணிவு. பயிற்சித்தாள் நாளை மாலை அச்சுக்குப் போகிறது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு சொல் தாருங்கள்.

*

திணிவு என்றே போடுங்கள் தம்பி. நிறு என்பதிலிருந்து வந்தது நிறை. கடைக்காரர் நிறுத்துத் தருவது எடை அல்லாமல் வேறென்ன? தொல்காப்பியரே அளவு வேறு, நிறை வேறு என்று பிரித்திருக்கிறார். கழஞ்சும் தொடியும் எல்லாம் நிறைப்பெயர்கள்.

*

//நிறுத்துத் தருவது எடை//

ஐயா, கழஞ்சை நிறுத்தது இருதட்டுத் தராசில், இழுவிசையைக் காட்டும் சுருள்வில் தராசில் இல்லை. அந்தத் தராசை நிலவுக்கே கொண்டுபோனாலும் படிக்கல்லும் பொருளும் சமமாகத்தான் நிற்கும். ஆகத் தொல்காப்பியரின் நிறைக்கு அலகு கிலோகிராம்தான், நியூட்டன் இல்லை! அப்புறம், திணிவு என்றதும் என் மாணவர்களுக்குத் திணித்துக் கட்டிய பஞ்சு மூட்டைதான் நினைவுக்கு வரும். அடர்த்தியோடு குழப்பிக்கொள்வார்கள்.

*

பொருண்மை என்ற சொல்லை ஏன் யாரும் எடுக்கவில்லை?

*

அதைச் சொற்பொருண்மை என்று மொழியியல்காரர்கள் எடுத்துக்கொண்டு வெகுநாள் ஆகிறது அக்கா.

*

எல்லோருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தால் ஐந்து பேர் நிறை, மூன்று பேர் திணிவு, பொருண்மைக்கு ஒருவர். நான் செய்தது இதுதான்: "2 கிலோகிராம் இரும்பை" என்று எழுதிவிட்டேன். சொல்லே தேவைப்படவில்லை. தனிம வரிசை அட்டவணையா, ஆவர்த்தன அட்டவணையா என்று தயவுசெய்து இன்றைக்கு யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

*

சொல்லை ஒளித்துவைப்பது கலைச்சொல்லாக்கம் ஆகாது தம்பி. ஏழாம் கேள்வியில் அணுநிறை என்று இருக்கிறதே, அதை எங்கே ஒளிப்பீர்கள்?