அமிலம் போட்ட சேற்றைக் கழுவுறதா, புகையில வைக்கிறதா?

சேற்றுநண்டு: முகத்துவாரத்துக்கு வெளிய, கண்டமேடை அடையல்ல (கடலடியில படிஞ்ச சேறு, மணல்) சேதனக் காபன், அதுதான் உயிர்ப்பொருள் மிச்சத்தின்ர காபன், அளக்க "சிப்பிச் சுண்ணாம்பின்ர காபனை முதல் போக்க ஐதரோகுளோரிக் அமிலம் ஊத்தி மூண்டு தரம் கழுவினாக் காணும், அமிலப் புகையில வைக்கிறது மினக்கேடு" எண்டு நேற்று ஒருத்தர் எழுதிக் கிடக்கு. ஆர் ஐசே சொல்லித் தந்தது? கழுவுற தண்ணியோட கரையிற சேதனப் பொருளும் நுண்களியும் போகுது. வடிச்ச தண்ணி தேத்தண்ணி நிறத்தில வருமே, அது என்னெண்டு நினைச்சீர்?

அலைக்கரை: எழுதினது நான்தான். கழுவாட்டி, சிப்பி அமிலத்தில கரைஞ்சு வந்த கல்சியம் குளோரைட்டு அப்படியே நிக்கும். கொழும்புக் காத்தில ஈரத்தை இழுத்து, தராசில இலக்கம் ஏறிக்கொண்டே போகும்.

சேற்றுநண்டு: அமிலத்துக்குப் பிறகு ஏன் நிறுக்கிறீர்? முதலே 20 மில்லிகிராம் வெள்ளிக் கிண்ணத்தில நிறுக்கோணும். ஒரு துளி தண்ணி விட்டு நனைச்சு, செறிந்த அமிலம் வைச்ச உலர்த்திக்குள்ள (இறுக மூடுற கண்ணாடிப் பாத்திரம்) ஒரு நாள் மூடி, 60 பாகையில காயவைக்கோணும். சதவீதம் பழைய நிறைக்குத்தானே. நீர் கழுவிப்போட்டு நிறுத்தா, பாதி சிப்பியான மணல்ல பாதி நிறை போயிருக்கும். திருத்தாட்டி காபன் இரண்டு மடங்கு.

தெஹிவளையான்: வெள்ளி என்னத்துக்கு? தகரக் கிண்ணம் மலிவு.

சேற்றுநண்டு: அமிலம் தகரத்தை அரிச்சு ஓட்டை விழும், மாதிரி தட்டில கொட்டுண்டும். காய்ஞ்சபிறகு வெளியால தகரம் சுத்தும், காபன் அளக்கிற கருவிக்குள்ள நல்லா எரியும்.

அலைக்கரை: புகை சிப்பித் துண்டுக்குள்ள போகாது! சிப்பியின்ர கல்சியம் காபனேற்றில காபன் 12 சதவீதம். பாதி சிப்பி, அதில பத்திலொண்டு எஞ்சினாலே 0.6. மணல்ல சேதனக் காபனே அவ்வளவுதான் தேறும்.

சேற்றுநண்டு: மாவா அரைக்காமல் வைச்சா எஞ்சும்தான். அது புகையின்ர பிழையோ, உம்மட சோம்பலின்ர பிழையோ? கழுவினா நைதரசனும் போகும். காபன்-நைதரசன் விகிதம் இலைச்சருகுக்குத்தான் கூட; அது ஏறினவுடன, கடற்பாசி மிச்சத்தைக் களனி ஆறு கொண்டுவந்த இலைச்சருகெண்டு எழுதுவீர்.

தெஹிவளையான்: ஏன் சண்டை? 550 பாகையில 4 மணித்தியாலம் எரிச்சு நிறைக்குறைவைப் பாருங்கோ.

சேற்றுநண்டு: அந்தச் சூட்டில களிக்குள்ள கட்டுண்ட தண்ணியும் போகும். அதையும் சேதனமெண்டு எழுதும். போன மாசம் சல்லடை விசயத்திலயும் இப்படித்தான் இடையில பூந்து குழப்பினீர்.

தெஹிவளையான்: சல்லடையில பிழை விட்டது நீங்கள்!

அலைக்கரை: அதை விடுங்கோ. ஒழுங்காச் சுழற்றிப் படியவிட்டா களி போகாது.

சேற்றுநண்டு: களியை விடும் ஐசே, கரைஞ்சது படியுமோ? கழுவின தண்ணியைக் கொட்டாமல் அதில எவ்வளவு காபனெண்டு அளந்து போடும்.

அலைக்கரை: நீர் முதல் புகையில வைச்ச சிப்பியில ஒரு துளி அமிலம் விட்டுப் பாரும், நுரைக்குதோ எண்டு.