போக்கர் காசை வீட்டுக் காசிலிருந்து எப்படிப் பிரிக்கிறீர்கள்?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். திருகோணமலை உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறேன். வீட்டில் 304 சீட்டு விளையாடி வளர்ந்தவன், இப்போது டெக்சஸ் ஹோல்டெம் போக்கரை ஊன்றிப் படிக்கிறேன்.

காசு விஷயம்தான் பெரிய யோசனை. ஒரு பை-இன் (மேசையில் உட்காரும்போது கொண்டுபோகும் காசு) 100 பிக் பிளைண்ட் (ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டுப் போடும் முன்பே ஒருவர் கட்டாயம் வைக்கும் பந்தயம்) என்றால், கையில் 20, 30 பை-இன்னாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இரண்டு ஏஸ் பிடித்து, இரண்டு கிங்குக்கு எதிராக முழுக் காசையும் வைத்தாலும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு தடவை தோற்கத்தான் செய்யும். அதனால் தனிக் காசு கட்டாயம், சரி. ஆனால் எங்கள் பக்கம் மழை தொடங்கினால் வெள்ளைக்காரர் வரத்துக் குறைவு, டிப்ஸும் இல்லை. தங்கச்சியின் கம்பஸ் செலவும் என் சம்பளத்தில்தான். இப்படி ஏறி இறங்கும் வருமானத்தில் மாதா மாதம் ஒதுக்குவதா, சீசனில் மொத்தமாக ஒதுக்குவதா? வென்ற காசை எப்போது வெளியே எடுக்கிறீர்கள்?

அப்புறம் நேரம். விடியவே காலைச் சாப்பாட்டு ஷிஃப்ட். விளையாடுவதற்கு எவ்வளவு, விளையாடிய கைகளை (ஆட்டங்களை)த் திரும்பப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் வைக்கிறீர்கள்?

கொழும்புக்குப் போய் விளையாடுபவர்கள் பஸ் காசு, ரூம் காசையும் பேங்க்ரோலில் (போக்கருக்கென்று ஒதுக்கிய காசில்) கழிக்கிறீர்களா? கடன் வாங்கி விளையாடும் யோசனை மட்டும் வேண்டாம்.