தத்தார்ஸ்தான் கீதத்துக்குச் சொற்கள் வேண்டுமா, இசை மட்டும் போதுமா?

வைகறை:
ருஷ்யக் கூட்டமைப்புக்குள் இருக்கும் தத்தார்ஸ்தான் குடியரசுக்குச் சொந்தக் கொடியும் உண்டு, சொந்தக் கீதமும் உண்டு. ருஸ்தெம் யாகினின் இசையை 1993-இல் கீதமாக ஏற்றார்கள். இருபது வருஷம் அது வெறும் இசையாகவே ஒலித்தது. 2013-இல்தான் ரமசான் பைத்திமிரோவின் வரிகள் சேர்ந்தன. முதலில் தத்தார் மொழியில் பாடுவார்கள், பிறகு ருஷ்ய மொழியில்.

சேர்த்திருக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. அங்கே பாதிக்குச் சற்று மேல் தத்தார்கள், ஐந்தில் இரண்டு பங்கு ருஷ்யர்கள். வெறும் இசை என்றால் எல்லோரும் ஒன்றுபோல எழுந்து நிற்கலாம். வரிகள் வந்துவிட்டால் யார் வாய் அசைகிறது, யார் வாய் அசையவில்லை என்று கண் போய்விடும். ஸ்பெயின் நாட்டுக் கீதத்துக்கு இன்றுவரை அதிகாரபூர்வ வரிகள் கிடையாது. அதனால் என்ன குறைந்துவிட்டது?

செங்காந்தள்:
ஸ்பெயினை இங்கே இழுக்காதீர்கள். ஸ்பானிஷ் மொழிக்கு எந்த ஆபத்தும் இல்லை. ருஷ்யாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990-களில் கிளிங்காவின் இசையை வரிகள் இல்லாமல் கீதமாக வைத்திருந்தார்கள். பாட ஒன்றுமில்லை என்று விளையாட்டு வீரர்களே குறைப்பட்டார்கள். கடைசியில் பழைய சோவியத் மெட்டுக்குப் புது வரிகள் எழுதிக்கொண்டார்கள். மாஸ்கோவுக்கு வரிகள் வேண்டும், தத்தார்ஸ்தான் தலைநகர் கசானுக்கு மட்டும் வேண்டாமா?

இன்னொன்று. இந்த மெட்டே பைத்திமிரோவின் கவிதைக்கு யாகின் போட்ட பாட்டிலிருந்து வந்ததுதான். கீதமாக்கியபோது வரிகளை விட்டுவிட்டார்கள். கொஞ்சம் திருத்தி 2013-இல் திரும்பச் சேர்த்தார்கள். பறித்த இடத்தில் திரும்ப நட்டதுபோல.

வோல்கா மாணவன்:
நான் கசானில் மருத்துவம் படித்தவன். பார்த்ததைச் சொல்கிறேன். விழா தொடங்கும்போது முதலில் ருஷ்யக் கீதம், அப்புறம் தத்தார்ஸ்தான் கீதம். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிடுவார்கள். தத்தார் வரிகள் வரும்போது வயதான பேராசிரியைகள் திரையைப் பார்க்காமல் முழுக் குரலில் பாடுவார்கள். பக்கத்தில் நிற்கும் மாணவர்கள், அதில் தத்தார் பிள்ளைகளும் உண்டு, திரையில் ஓடும் எழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ருஷ்ய வரிகள் வந்ததும் அரங்கம் மொத்தமும் பாடும். யார் பக்கம் பேசுவது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அந்த முதல் சில வரிகள் இல்லாமல் போயிருந்தால் அந்த அம்மாக்களின் குரல் அந்த மேடையில் கேட்டிருக்காது.

வைகறை:
நீங்கள் சொன்னதுதான் என் வாதமும். அந்தப் பிள்ளைகள் ஏன் திரையைப் பார்க்கிறார்கள்? தத்தார் மொழி அங்கே எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயப் பாடமாக இருந்தது. தாய்மொழி அல்லாத மொழியைக் கற்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2017-இல் புதின் பேசினார். அந்த வருஷ முடிவுக்குள் அது பெற்றோர் சம்மதம் கேட்கும் விருப்பப் பாடமானது. வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம். வகுப்பறையில் மூச்சு முட்டும் மொழியை மேடையில் ஒரு நிமிஷம் பாடவைத்தால் ஆட்சியாளர்களுக்குத்தான் வசதி. மொழிக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் கீதத்தைக் காட்டிவிடலாம். அந்த ஒப்புக்குச் சப்பாணி மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

செங்காந்தள்:
வகுப்பறையைப் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. அதற்குக் கீதம் என்ன செய்யும்? எழுத்தைப் பாருங்கள். 1999-இல் லத்தீன் எழுத்துக்கு மாறச் சட்டம் போட்டார்கள். குடியரசுகளின் ஆட்சிமொழிகள் ருஷ்ய மொழி எழுதப்படும் சிரிலிக் எழுத்திலேயே இருக்க வேண்டும் என்று 2002-இல் மாஸ்கோ தடுத்துவிட்டது. 2023-இல் குடியரசின் தலைவருக்கு இருந்த ‘ஜனாதிபதி’ என்ற பதவிப் பெயரும் போய் ‘ரயிஸ்’ (தலைவர்) ஆனது. ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகிற நேரத்தில், மேடையில் மிஞ்சியிருக்கும் தத்தார் வரிகளையும் வேண்டாம் என்கிறீர்கள். சட்டப்படி எல்லோரும் எழுந்து நின்று தத்தார் மொழியைக் கேட்டே ஆக வேண்டிய இடம் வேறு எது? பக்கத்துக் குடியரசு பாஷ்கோர்தோஸ்தானும் சொந்த மொழியில் பாடுகிறது.

வைகறை:
அப்படியென்றால் ருஷ்ய வரிகளை மட்டும் எடுத்துவிடலாம் என்பீர்களா?

செங்காந்தள்:
மாட்டேன். இரண்டும் அங்கே சம உரிமையுள்ள ஆட்சிமொழிகள், அரசியலமைப்பே அப்படிச் சொல்கிறது. ருஷ்யப் பிள்ளை பாட வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அந்த வரிகளும் இருக்கட்டும், தத்தார் முதலில் வரட்டும். அந்த வரிசை மாறினால் அன்றைக்கு நானும் உங்கள் பக்கம் வந்து, இசை மட்டும் போதும் என்று சொல்கிறேன்.