முதல் ரேஸ் பேடில் போர்டு: 14 அடியை எங்கே வைப்பது?

ஒரு வருடமாகக் கோவளத்தில் வாடகை பேடில் போர்டில்தான் (நின்றபடி துடுப்புப் போடும் பலகை) ஓட்டுகிறேன். டிசம்பருக்குள் பந்தயத்துக்கென்று சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். என் எடை 78 கிலோ. பயிற்சி பெரும்பாலும் முட்டுக்காடு பேக்வாட்டரில், ஞாயிறு மட்டும் கடலில்.

14 அடி நீளம், 24 அங்குல அகலத்தில் ஒரு கார்பன் போர்டை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். தேங்கிய தண்ணீரில் பறக்கிறது. கடலில் பக்கவாட்டில் அலை வந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு குளியல். 26 அங்குலத்தில் நிற்க முடிகிறது. சரி, அகலம் முடிவாகிவிட்டது.

சிக்கல், வைப்பதில்தான். வீடு மூன்றாம் மாடி. லிஃப்டில் நுழையாது. படிக்கட்டுத் திருப்பத்தில் 14 அடி பிவிசி குழாயைக் கொண்டுபோய்ப் பார்த்தேன், அதுவே மாட்டிக்கொண்டது. கார் நிறுத்துமிடச் சுவரில் மாட்டக் குடியிருப்போர் சங்கம் சம்மதிக்கவில்லை. நண்பர் வீட்டு மொட்டை மாடியில் அவருடைய பழைய போர்டைத் தார்ப்பாய் மூடி ஏப்ரலில் மூன்று வாரம் வைத்தோம்; சூட்டில் மேல்தோல் உப்பி, உள்ளே இருக்கும் ஃபோமிலிருந்து பிரிந்துவிட்டது. (அவர் இன்னும் என்னோடு பேசுகிறார், நல்ல மனிதர்.)

மிச்சம் இருப்பது காற்றடைக்கும் போர்டு. சுருட்டி அலமாரியில் வைத்துவிடலாம்.

14 அடிக்கு 26 அங்குலக் காற்று போர்டில் கடலில் பந்தயம் ஓடியவர்கள் சொல்லுங்கள்: என் எடைக்கு அது நடுவில் வளையாமல் தாங்குமா?